மாடிஃபை செய்த ஜப்பான் காருக்கு விலை வைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆடி பிறந்ததும் தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை பக்கம் பழைய கார் வியாபாரம் படுத்துவிடும். ஆடியில் பலர் வண்டி எடுக்க மாட்டார்கள் என்பது பாதிக் காரணம்தான். வழக்கப்படி ஜூன் 12-ல் மேட்டூர் திறந்திருந்தால், உரம், களையெடுப்புக் கூலி என்று கையிருப்பெல்லாம் குறுவை வயலுக்குள் போயிருக்கும். சாதாரண ஸ்விஃப்டே நகராத அந்த நேரத்தில், இறக்கிய சஸ்பென்ஷனும் பெரிய எக்ஸாஸ்டுமாக நிற்கும் பழைய ஹோண்டா சிட்டி விடெக்கையோ மிட்சுபிஷி லான்சரையோ விற்க வேண்டி வந்தால், விலை விஷயத்தில் மிகுந்த நிதானம் வேண்டும். பார்த்துப் பார்த்துக் கட்டிய வண்டியை அவசரத்தில் அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். பிடிவாதமாகத் தார்ப்பாய் போட்டு மூடி வருடக்கணக்கில் துருப்பிடிக்க விடுகிறவர்களும் இருக்கிறார்கள். இரண்டுக்கும் காரணம் முதலில் சொன்ன விலைதான்.

யூடியூபில் பார்த்த விலையை மனசில் வைத்துக்கொண்டு தொடங்குவது பெரிய தவறு. தொண்ணூறுகளின் ஜப்பான் ஸ்போர்ட்ஸ் கார்களான ஸ்கைலைன், சுப்ரா விலை ஏறியதற்கு அமெரிக்கா ஒரு முக்கியக் காரணம். 25 வயது கடந்த வெளிநாட்டு வண்டியை அந்த நாட்டுப் பாதுகாப்பு விதிகள் தடுப்பதில்லை. அதனால் அங்குள்ளவர்கள் ஜப்பான் ஏலத்தில் போட்டி போட்டு எடுக்கிறார்கள். இலங்கைத் தமிழ் சேனல்களில் கேட்கும் விலையும் நமக்கு உதவாது. 2020-ல் அங்கே வாகன இறக்குமதியை நிறுத்தி, 2025-ல்தான் தனியார் வண்டிகளுக்குத் திறந்தார்கள். இடைப்பட்ட காலத்தில் இருந்த வண்டிகள் எல்லாமே விலையேறின. இந்தியாவிலோ, மூன்று வருடத்துக்கு மேல் பழைய காரை விற்பனைக்கென்று இறக்குமதி செய்யவே முடியாது. நம்மூரில் ஜப்பான் வண்டி என்றால் பெரும்பாலும் இங்கேயே தயாரான சிட்டி, லான்சர், பலேனோ, ஜிப்சி, குவாலிஸ்தான். அவற்றின் விலையைத் திருச்சியிலும் கோயம்புத்தூரிலும் உண்மையில் கைமாறிய வண்டிகளை வைத்துத்தான் போட வேண்டும். விளம்பரத்தில் ஆறு மாதமாக அப்படியே கிடக்கும் விலை, விற்காத விலை. அதை அளவுகோலாக எடுக்காதீர்கள்.

அடுத்தது, பில்லைக் கூட்டிப் போடுவது. ஒரு பேச்சுக்கு, ஸ்டாக்காக (எதையும் மாற்றாமல், கம்பெனியிலிருந்து வந்தபடியே) இருந்தால் உங்கள் வண்டி 2,50,000 ரூபாய்க்குப் போகும் என்று வையுங்கள். காயிலோவர் (உயரத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய சஸ்பென்ஷன்), அலாய் வீல், எக்ஸாஸ்ட், சீட் என்று 1,80,000 செலவழித்திருக்கிறீர்கள். 4,30,000 என்று போட்டால் போன் வராது. வாங்குகிறவர் உங்கள் ரசனைக்குக் காசு கொடுப்பதில்லை. அவருடைய ரசனை வேறு. அதோடு வாய்க்கால் கரைச் சாலையும் ஊருக்கு நாலு வேகத்தடையும் உள்ள இந்தப் பகுதியில், அடிபாகம் உரசும் வண்டியைக் குடும்பத்தோடு ஓட்ட யோசிப்பார்கள். அவரைப் பொறுத்தவரை, இறக்கிய சஸ்பென்ஷன் மறுபடி ஏற்ற வேண்டிய ஒரு செலவு.

ஆகவே முதலில் ஸ்டாக் விலையைப் போடுங்கள். பிறகு எதைக் கழற்றித் தனியாக விற்கலாம் என்று பாருங்கள். ரேஸ் டிராக்குகள் உள்ள கோவையிலும் சென்னையிலும் நல்ல காயிலோவருக்கும் சீட்டுக்கும் ஆள் உண்டு. கம்பெனி ஸ்பிரிங், கம்பெனி சைலன்சர், கம்பெனி வீல் உங்களிடம் இருந்தால் மாட்டிவிட்டு, மாடிஃபை பாகங்களைப் பிரித்து விற்பதுதான் பல நேரம் கூடுதல் பணம் தரும். பழைய பாகங்களை அன்றே பழைய இரும்புக் கடையில் போட்டவர்களுக்கு இந்த வழி அடைபட்டுப் போகிறது. சமீபத்தில் மாற்றிய டைமிங் பெல்ட், கிளட்ச், ரேடியேட்டர், புது டயர் ஆகியவற்றுக்குப் பில் இருந்தால் கொஞ்சம் கூட்டிக் கேட்கலாம். யார் வாங்கினாலும் அவை பயன்படும். என் அனுபவத்தில் பில்லோடு கூடிய பராமரிப்பு, அழகுக்காக வெளியே மாட்டும் பாடி கிட்டைவிட நன்றாக விலை பேசும்.

இன்ஜின் மாற்றிய வண்டியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெரிய பணம் போவது இதில்தான். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவுப்படி, தயாரிப்பாளர் குறிப்பிட்ட அடிப்படை விவரங்களிலிருந்து ஆர்.சி. விவரம் மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் இதை உறுதி செய்தது. அதே வருடத் திருத்தத்தில் 182ஏ பிரிவின் கீழ், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ என்று வந்தது. வெளிநாட்டுப் பழைய இன்ஜினை வாங்கி மாட்டி, ஆர்.டி.ஓ. அனுமதி பெறாமல் விட்டிருந்தால், இன்ஜின் நம்பர் புத்தகத்தோடு ஒத்துப்போகாது. பெயர் மாற்றத்திலும் எஃப்.சி.யிலும் (தகுதிச் சான்று) வண்டி அங்கேயே நின்றுவிடும். எத்தனை குதிரைத்திறன் இருந்தாலும் அந்த இன்ஜினுக்கு விலையில் இடமில்லை. பழைய இன்ஜினைத் திரும்ப மாட்டும் செலவை நீங்களே ஏற்றுக்கொண்டு பிறகு விலை சொல்லுங்கள். அல்லது விஷயத்தை முதல் போனிலேயே சொல்லி, அதற்கேற்பக் குறையுங்கள். மறைத்து விற்பது அநியாயம். வாங்கியவருக்கு விபத்து நேர்ந்து இன்சூரன்ஸ் கம்பெனி கைவிரித்தால் ஒரு குடும்பமே தவிக்கும். நிறம் மாற்றியிருந்தால் அதையும் ஆர்.சி.யில் ஏற்றிவிட்டு விற்பனைக்கு வையுங்கள்.

வயதான வண்டிக்கு வாங்குகிறவர் போடும் கணக்கை விற்கிறவர் போடுவதில்லை. 20 வருடம் கடந்த காருக்குப் பதிவு புதுப்பிப்புக் கட்டணம் 2025 ஆகஸ்டில் 10,000 ரூபாயாக உயர்ந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் சின்னக் கார்களுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதமாகக் குறைந்ததால் புது வண்டி விலையும் இறங்கியது. அந்த அழுத்தம் பழைய கார் வரை வரும். போன வருடம் நண்பர் விற்ற விலையைப் பிடித்துக்கொண்டு இப்போது பேச முடியாது.

காரைக்கால் வண்டிக்குத் தனிக் கணக்கு. பி.ஒய். 02 வண்டியைத் திருவாரூர்க்காரர் வாங்கினால் என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று) எடுத்து, தமிழ்நாட்டு வரி கட்டித்தான் மறுபதிவு செய்ய வேண்டும். அந்தத் தொகையைக் கழிக்காமல் டி.என். வண்டி விலையைக் கேட்டால் பேச்சு அங்கேயே முறியும். நாகப்பட்டினம், வேளாங்கண்ணி கடற்கரை ஓரத்தில் ஓடிய வண்டியென்றால் உப்புக்காற்றில் அடிபாகம் துருப்பிடித்திருக்கும் என்று சந்தேகப்படுவார்கள். கஜா புயலுக்குப் பிறகு தண்ணீரில் நின்ற வண்டியா என்ற கேள்வியும் சேர்ந்துகொண்டது. லிஃப்டில் ஏற்றி அடிபாகத்தை வீடியோ எடுத்து வையுங்கள். சுத்தமான அடிபாகம் இருந்தால், கூடக் கேட்க அதுவே காரணம்.

விலையை எழுதும் முறையிலும் கவனம் வேண்டும். இணையத்தில் தேடுகிறவர்கள் “3 லட்சத்துக்குள்” என்று வைத்துத் தேடுவார்கள். 3,10,000 என்று போட்டால் அவர்கள் கண்ணிலேயே படாது. 2,95,000 போடுங்கள். “அண்ணே, கடைசியா என்ன விலைக்குத் தருவீங்க?” என்று வண்டியைப் பார்க்காமலே கேட்பவரிடம் இறங்கிப் பேசாதீர்கள். “தம்பி, நேர்ல வாங்க, ஓட்டிப் பாருங்க, அப்புறம் பேசிக்கலாம்” என்றால் போதும். வாரத்துக்கு ஐயாயிரம் என்று சொட்டுச் சொட்டாகக் குறைப்பது மோசமான பழக்கம். இன்னும் இறங்கும் என்று எல்லோரும் காத்திருப்பார்கள். ஒரு மாதம் நல்ல விசாரிப்பு வரவில்லை என்றால் ஒரே தடவையாகக் கண்ணுக்குத் தெரிகிற அளவு குறைத்து அதில் நில்லுங்கள்.

காத்திருக்க முடிந்தவர்கள் ஆயுத பூஜையை ஒட்டி, குறுவை அறுவடைப் பணம் புழங்கும்போது விளம்பரம் போடலாம். அதைவிட நல்ல காலம் தை, மாசி: கொள்முதல் நிலையத்தில் போட்ட சம்பா நெல்லுக்கான பணம் கணக்கில் ஏறும். கூத்தாநல்லூர், முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம் பக்கம் சிங்கப்பூரிலிருந்தும் வளைகுடாவிலிருந்தும் விடுமுறையில் வருகிறவர்களில் ஜப்பான் வண்டியின் அருமை தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். ஆனால் காத்திருப்பும் இலவசமல்ல. இன்சூரன்ஸ் ஓடும், பேட்டரி இறங்கும், வைக்கோல் போர் பக்கத்தில் நின்றால் எலி ஒயரைக் கடிக்கும். ஒருவர் குறைத்துக் கேட்கும் தொகை, மூன்று மாதம் நிறுத்தி வைக்க ஆகும் செலவைவிடக் குறைவு என்றால் கொடுத்துவிடுவதே லாபம்.

பத்தாயிரம் கூடத் தருகிறேன், பெயர் மாற்றத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒருவர் வந்தால், அந்தப் பத்தாயிரம் வேண்டாம். ஆர்.சி.யில் யார் பெயரோ விபத்து இழப்பீட்டுக்கு அவரே பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018-ல் சொல்லியிருக்கிறது. 29, 30 படிவங்களில் வாங்குகிறவர் விவரத்தை முழுதாக நிரப்பிக் கையெழுத்திட்டு, அவருடைய ஆதார் நகலை வாங்கிக்கொண்டு, பெயர் மாறும் வரை ஒரு சிறு தொகையைப் பிடித்து வையுங்கள். மாறிய பிறகு திருப்பிக் கொடுக்கலாம்.