பாமினியில் தட்டிய கட்டுரையை ஆய்விதழுக்கு அனுப்பும் முன்

வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகத்திலோ ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்திலோ படித்து, முதல் தமிழ்க் கட்டுரையை ஆய்விதழுக்கு அனுப்பப் போகிறவர்களுக்கு இது. பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் தட்டியிருந்தால், எல்லாக் கணினியிலும் தமிழாகவே தெரியும் யூனிகோடுக்கு மாற்றிவிட்டே அனுப்புங்கள். பாமினி இல்லாத கணினியில் உங்கள் தமிழ் முழுவதும் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகச் சிதறித் தெரியும். மதிப்பீட்டாளர் எதைத்தான் வாசிப்பார்? மாற்றுவதற்கு முன் ஆங்கில மேற்கோள்களையும், உசாத்துணைப் பட்டியலில் உள்ள ஆங்கிலத் தலைப்புகளையும் தனியே வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் அவையும் பொருளற்ற தமிழ் எழுத்துகளாகிவிடும். இதைச் சரிபார்க்க ஒரு மாலை முழுவதும் போனாலும் பரவாயில்லை.

அப்புறம், பெயர் மறைத்து மதிப்பிடும் இதழ் என்றால் முதல் பக்கத்தில் பெயரை எடுப்பது மட்டும் போதாது. வேர்ட் கோப்பின் ப்ராப்பர்ட்டீஸிலும் அது இருக்கும். நன்றியுரையையும் அந்தப் பிரதியிலிருந்து எடுத்துவிடுங்கள்.