மொட்டைமாடிப் பூந்தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றும் முறை (ஒரு பன்னீர் ரோஜா செத்த கதையோடு)

போன வருடம் கத்திரி வெயிலில் என் பன்னீர் ரோஜா செத்துப்போனது. தண்ணீர் ஊற்றாமல் இல்லை. தினமும் காலையில் ஊற்றினேன், தொட்டியின் அடியில் ஒழுகித் தரை நனைவதைப் பார்த்துவிட்டுத்தான் மாடியை விட்டு இறங்குவேன். கடைசியில் செடியைப் பிடுங்கிப் பார்த்தால், நடுவில் இருந்த வேர்க்கட்டி ரஸ்க் மாதிரி மொரமொரவென்று காய்ந்து கிடக்கிறது. மூன்று வாரமாக நான் ஊற்றிய தண்ணீர் எல்லாம் எங்கே போனது என்று கண்டுபிடிக்க எனக்கு இன்னும் இரண்டு செடி பலியாக வேண்டியிருந்தது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

வீடு தண்டையார்பேட்டை. இரண்டாவது மாடிக்கு மேலே மொட்டைமாடி, 26 தொட்டி. குண்டுமல்லி, கனகாம்பரம், சாமந்தி, செம்பருத்தி, ரோஜா, கொஞ்சம் டேபிள் ரோஸ். மண் கலவை, உரம், தொட்டி அளவு பற்றி ஏற்கெனவே நிறைய பேர் எழுதிவிட்டார்கள். நான் தண்ணீரோடு நிறுத்திக்கொள்கிறேன்.

1. முதலில் தண்ணீர் எது என்று பாருங்கள்

நம் பக்கத்தில் இதை விட்டுவிட்டு மற்றதைப் பேசிப் பயனில்லை. கடலோரம் முழுக்க நிலத்தடி நீரில் உப்பு ஏறிக் கிடக்கிறது. மீஞ்சூர் வட்டாரத்தில் நிலத்தடி நீரை உறிஞ்சி உறிஞ்சியே கடல்நீர் உள்ளே வந்த கதை பல வருடப் பழசு. டிடிஎஸ் (ஒரு லிட்டர் தண்ணீரில் எத்தனை மில்லிகிராம் உப்பு கரைந்திருக்கிறது என்ற கணக்கு) பார்க்கும் பேனா ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். அதிக விலை இல்லை, வாங்கியதில் உருப்படியான பொருள் எனக்கு அதுதான். என் வீட்டுக் கணக்கு: மெட்ரோ தண்ணீர் (குடிநீர் வாரியம் குழாயில் விடுவது) 380, போர் தண்ணீர் (ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர்) 2300. குடிநீருக்கே இந்தியத் தர அளவு 500, வேறு வழியில்லை என்றால் 2000 வரை என்கிறது. அப்படியென்றால் ரோஜா பாவம் என்ன செய்யும்.

இரண்டு நாளுக்கு ஒரு முறை குழாயில் வரும் மெட்ரோ தண்ணீரில் இரண்டு பக்கெட் செடிக்கு என்று எடுத்து வைத்துவிடுவேன். வீட்டில் முறைப்பார்கள், கண்டுகொள்ள வேண்டாம். ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரையும் பிடித்து வையுங்கள், அதில் உப்பே கிடையாது. போர் தண்ணீரில் பாதிக்குப் பாதி கலந்தால் 2300 என்பது 1150 ஆகிவிடும். போர் தண்ணீர் மட்டும்தான் என்றால் அரளி, காகிதப்பூ, டேபிள் ரோஸ் வையுங்கள், அவை தாங்கும். ரோஜா ஆசையை மழைக்காலம் வரை தள்ளிப்போடுங்கள்.

குளோரின் போக ராத்திரி முழுக்கத் திறந்து வைக்க வேண்டும் என்பார்கள். நான் வைப்பதில்லை. செடிக்கு ஒன்றும் ஆகவில்லை.

2. ஊற்றும் முன் மண்ணைக் கேளுங்கள்

கிழமை பார்த்து, மணி பார்த்து ஊற்றாதீர்கள். மேல்மண் காய்ந்திருப்பதை வைத்தும் முடிவு செய்ய வேண்டாம். நம் மாடியில் மதியம் கடல்காற்று அடிக்க ஆரம்பித்தால் மேலே அரை அங்குலம் ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிடும், அடியில் சேறாக இருக்கும்.

நான் பயன்படுத்துவது அறுந்து விழுந்த காத்தாடியின் மூங்கில் குச்சி. எங்கள் மாடியில் அதற்குப் பஞ்சமே இல்லை. நூலை மட்டும் கவனமாகப் பிரித்துப் போடுங்கள், மாஞ்சாவாக இருந்தால் விரல் கிழியும். குச்சியைத் தொட்டியின் ஓரத்தில் இல்லாமல், ஓரத்துக்கும் செடிக்கும் பாதித் தூரத்தில் ஓர் அரை அடி ஆழத்துக்குக் குத்தி, பத்து எண்ணிவிட்டு உருவுங்கள். மண் ஒட்டிக் கறுப்பாக வந்தால் அன்றைக்குத் தண்ணீர் வேண்டாம். சுத்தமாக வந்தால் வேண்டும்.

இரண்டு கம்பி வைத்த ஈரப்பதம் பார்க்கும் மீட்டரை வாங்காதீர்கள். நான் வாங்கி ஏமாந்தேன். அது மின்சாரம் கடத்துவதை வைத்துத்தான் ஈரம் சொல்கிறது. உப்புத் தண்ணீர் ஊறிய மண்ணில் கொஞ்ச ஈரம் இருந்தாலே முள் கடைசிக்கு ஓடிவிடும். என் ரோஜா செத்துக்கொண்டிருந்தபோதும் அது நல்ல ஈரம் என்றே காட்டியது.

3. நான் சறுக்கிய இடம்

எங்கள் தெருமுனையில் பூக்கட்டும் ஆயா ஒருத்தர் இருக்கிறார். மொட்டு வாடுகிறதே என்று அவரை மாடிக்குக் கூட்டிப்போனேன். தொட்டியைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, “ஊத்தறது ஊத்தற, தொட்டியத் தூக்கிப் பாத்தியா கண்ணு?” என்றார். இல்லை என்றேன். அவரே ஒரு கையால் விளிம்பைப் பிடித்துச் சாய்த்து, “பஞ்சாட்டம் கீது” என்றார். ஊற்றி அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

நடந்தது இதுதான். கலவையில் தேங்காய்நார்த் தூள் அதிகம். அது ஈரமாக இருக்கும்வரை தண்ணீரைப் பஞ்சு போல் பிடித்துக்கொள்ளும். ஒரு தடவை முழுக்கக் காய்ந்துவிட்டால், மேலே ஊற்றும் தண்ணீரைச் சட்டென்று உறிஞ்சாது. அதோடு காய்ந்த கட்டி சுருங்கி, தொட்டியின் சுவருக்கும் மண்ணுக்கும் நடுவே விரல் போகும் அளவு இடைவெளி விழுந்திருக்கும். மேலே ஊற்றும் தண்ணீர் அந்தச் சந்து வழியாக நேராக அடிக்குப் போய் ஓட்டை வழியே வெளியே வந்துவிடும். வேருக்கு ஒரு சொட்டு கிடையாது. நான் அதைப் பார்த்து வயிறு நிறைந்ததாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஊற்றிய உடனே, ஐந்து எண்ணுவதற்குள் அடியில் தண்ணீர் வந்தால் சந்தேகப்படுங்கள். தொட்டியைச் சாய்த்துப் பாருங்கள். கனம் இல்லை என்றால் இப்படிச் செய்யுங்கள்.

சின்னத் தொட்டி என்றால், துணி ஊறவைக்கும் டப்பில் தொட்டியின் முக்கால் உயரம் வரை தண்ணீர் நிரப்பி, தொட்டியை அப்படியே இறக்குங்கள். மிதக்கப் பார்க்கும், மேலே ஒரு செங்கல்லைச் சாய்த்து வையுங்கள். மண்ணிலிருந்து குமிழி வரும். குமிழி நின்று மேல்மண் தானாகக் கறுக்கும்வரை விடுங்கள், அரை மணி நேரம் ஆகலாம். அதற்கு மேல் மறந்துவிட்டுப் போகாதீர்கள், ராத்திரி முழுக்க முங்கிக் கிடந்தால் வேர் மூச்சுத் திணறும். எடுத்து வடியவிட்டு, அப்போது ஒரு தடவை தூக்கிப் பாருங்கள். அந்தக் கனத்தைக் கை ஞாபகம் வைத்துக்கொள்ளும். அப்புறம் குச்சிகூட வேண்டியதில்லை.

தூக்க முடியாத பெரிய தொட்டி என்றால், களைக்கொத்தியால் மேல்மண்ணைக் கொத்திவிட்டு, குச்சியால் ஏழெட்டு இடத்தில் ஆழமாகத் துளை போடுங்கள். ஓரச் சந்தில் மண் போட்டு அமுக்குங்கள். பிறகு ஒரு சொம்பு ஊற்றிப் பத்து நிமிடம் விட்டு அடுத்த சொம்பு. இப்படி நான்கைந்து சுற்று. பொறுமை இல்லாமல் ஒரே அடியாக ஒரு பக்கெட்டைக் கவிழ்த்தால் மறுபடியும் பழைய கதைதான்.

4. வழக்கமான நாளில்

காலை ஆறு, ஆறரைக்கு. சொம்பால் செடியின் அடியில், மண் மேல், சுற்றிச் சுற்றி. முதல் சுற்று மேல்மண் நனைய மட்டும். எல்லாத் தொட்டிக்கும் ஒரு சுற்று முடித்துவிட்டு மறுபடி முதல் தொட்டிக்கு வாருங்கள், அதற்குள் மண் இளகியிருக்கும். இரண்டாம் சுற்றில் அடியில் மெதுவாகக் கசியும்வரை ஊற்றுங்கள். தினமும் கொஞ்சம் தெளிப்பதைவிட, வேண்டிய அன்று நிறைய ஊற்றுவது நல்லது. தெளித்துக்கொண்டே இருந்தால் வேர் மேலேயே தங்கி வெயிலில் வெந்துபோகும்.

மதியம் இலையில் தண்ணீர் பட்டால் துளி பூதக்கண்ணாடி மாதிரி வெயிலைக் குவித்துப் பொசுக்கும் என்று ஒரு பேச்சு உண்டு. நான் அதை நம்புவதில்லை. போர் தண்ணீர் இலையில் காய்ந்து உப்பு படிந்தால் ஓரம் கருகும், அது உண்மை. அதனால் காலையோ மாலையோ, இலை மேல் ஊற்றாமல் இருப்பதே மேல். மாலையில் இலை நனைந்தபடி ராத்திரிக்குப் போனால் ரோஜாவுக்குக் கரும்புள்ளி வரும், அது தனித் தலைவலி.

ஹோஸ் பைப் எனக்குப் பிடிக்காது. எந்தத் தொட்டிக்கு எவ்வளவு போனது என்று தெரியாது, வேகத்தில் மண்ணும் வேரும் குழிந்துவிடும். பைப்தான் என்றால் வெயிலில் கிடந்த பைப்பின் முதல் தண்ணீரைத் தரையில் விட்டுவிட்டுப் பிறகு செடிக்குத் திருப்புங்கள். கையில் பிடித்துப் பாருங்கள், டீ போடலாம். பிளாஸ்டிக் பூவாளி ஒரு கோடைக்குத்தான் வரும், மூக்கு உடைந்துவிடும். நாற்றுக்கும் டேபிள் ரோஸுக்கும் மட்டும் வைத்திருக்கிறேன்.

5. மாதம் ஒரு முறை உப்பு கழுவுதல்

மண்தொட்டியின் வெளிப்பக்கம் வெள்ளையாகப் பூத்திருக்கிறதா? இலை நுனி பழுப்பாகக் கருகுகிறதா? உப்புதான். தண்ணீர் ஆவியாகும், உப்பு மண்ணிலேயே தங்கும். நல்ல தண்ணீர் கிடைக்கும் நாளில், தொட்டி பிடிக்கும் அளவைப்போல் இரண்டு மடங்கு தண்ணீரை மெல்ல மெல்ல ஊற்றி வடியவிடுங்கள். 12 அங்குலத் தொட்டிக்குக் கிட்டத்தட்ட இரண்டு பக்கெட் ஆகும். உரம் வைப்பதற்கு முன்னால் செய்யுங்கள், வைத்த பிறகு செய்தால் உரமும் போய்விடும். ஐப்பசி, கார்த்திகையில் இந்த வேலையை மழையே பார்த்துக்கொள்ளும். அதனால்தான் மழை முடிந்து மார்கழியில் செடிகள் எல்லாம் புதுசாக நிற்கின்றன.

மல்லிக்கு மட்டும் ஒரு விதிவிலக்கு. நவம்பர் கடைசியில் கவாத்து செய்வதற்கு முன் தண்ணீரைக் குறைத்துவிடுங்கள். வெட்டி, உரம் வைத்த பிறகு மறுபடி தாராளமாக ஊற்றலாம்.

மே 4 முதல் 28 வரை, கத்திரியில், சின்னத் தொட்டிகளுக்குச் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் இன்னொரு தடவை தேவைப்படும். மேலே தேங்காய் மட்டையோ சருகோ மூடாக்காகப் போட்டால் பெரும்பாலும் அந்த இரண்டாவது தடவை மிச்சம். மதியம் சாமந்தி தலை தொங்கும், பதறி ஊற்றாதீர்கள். சாயங்காலம் நிமிர்ந்தால் வெயில் களைப்பு, நிமிராவிட்டால்தான் தாகம். இதைத் தெரியாமல் நான் ஒரு சாமந்தியை அழுகவே விட்டேன்.

பின்சேர்க்கை

கொளத்தூரிலிருந்து ஒரு அக்கா எழுதியிருந்தார்: முக்கி எடுத்தும் இலை கருகுகிறதாம். கேட்டுப் பார்த்ததில், கடையில் வாங்கிய தேங்காய்நார்க் கட்டியை ஊறவைத்துக் கழுவாமல் அப்படியே கலந்திருக்கிறார். அதிலேயே உப்பு இருக்கும். மூன்று நான்கு தண்ணீரில் அலசிப் பிழிந்த பிறகு சேருங்கள். இது எல்லோருக்கும் தெரியும் என்று நினைத்து எழுதாமல் விட்டது என் தப்பு.

ஆர்.ஓ. கழிவுத் தண்ணீர் ஊற்றலாமா என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். உங்கள் ஆர்.ஓ.வுக்குள் போவது மெட்ரோ தண்ணீர் என்றால், டிடிஎஸ் பார்த்துவிட்டு ஊற்றலாம். போர் தண்ணீர் என்றால் கழிவு அதைவிட உப்பு, தரை கழுவ வைத்துக்கொள்ளுங்கள். வாஷிங் மெஷின் தண்ணீர் வேண்டவே வேண்டாம்.

தொட்டிக்கு அடியில் தட்டு வைத்தவர்கள் கவனிக்கவும். கொசு ஒழிப்புக்கு வருகிறவர்கள் முதலில் பார்ப்பது அதைத்தான். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்க ஒரு வாரம், பத்து நாள் போதும். கவிழ்த்தால் மட்டும் போதாது, முட்டை தட்டின் ஓரத்தில் ஒட்டியிருக்கும். நாரால் தேய்த்துக் கழுவுங்கள். நான் தட்டையே எடுத்துவிட்டு, தொட்டிகளைச் செங்கல் மேல் ஏற்றிவிட்டேன்.

பொங்கலுக்கு ஊருக்குப் போகிறவர்களுக்கு: துளை போட்ட பாட்டிலைத் தலைகீழாகக் குத்தும் வேலை எனக்குச் சரிவரவில்லை, ஒன்று அடைத்துக்கொள்கிறது, இல்லையென்றால் ஒரு மணி நேரத்தில் காலியாகிறது. பழைய பருத்தி வேட்டியைக் கிழித்துத் திரி மாதிரி முறுக்கி, முழுக்க நனைத்து, ஒரு முனையைப் பக்கெட்டின் அடியிலும் மறுமுனையை மண்ணுக்குள் நான்கு விரல் ஆழத்திலும் வையுங்கள். பக்கெட்டைத் தொட்டியைவிட உயரமாக, நிழலில் வைத்து மூடிவிடுங்கள். நான்கு நாள் தாங்கியது. பாலியெஸ்டர் வேட்டி வேண்டாம், அதையும் செய்து பார்த்துவிட்டேன்.