முதலில் கோபுரம், பிறகு வியாழன்: ரெட் டாட் ஃபைண்டரைச் சரிசெய்வது எப்படி?

தொலைநோக்கி வாங்கிய முதல் வாரத்தில் எல்லோரும் நிலாவைப் பார்த்துவிடுகிறார்கள். குழாயைக் குத்துமதிப்பாகத் திருப்பினாலே வெளிச்சம் கண்ணில் வந்து அடிக்கும். அடுத்த வாரம் வியாழனைத் தேடும்போதுதான் வினை ஆரம்பிக்கிறது. வெறுங்கண்ணுக்குப் பளிச்சென்று தெரிகிற கிரகம், கண்ணை வைத்துப் பார்க்கும் சின்ன லென்ஸ் குழலான ஐபீஸுக்குள் வரமாட்டேன் என்கிறது. அரை மணி நேரம் கொசுக்கடி வாங்கிவிட்டு, கண்ணாடி சரியில்லை என்று திட்டிக்கொண்டே மொட்டை மாடியிலிருந்து இறங்குவார்கள். பெரும்பாலும் கண்ணாடியில் ஒரு கோளாறும் இருக்காது. குழாயின் முதுகில் உட்கார்ந்திருக்கும் ரெட் டாட் ஃபைண்டர் என்ற சின்ன பிளாஸ்டிக் குறிபார்க்கும் கருவியைச் சரிசெய்யாமல் விட்டிருப்பார்கள்.

என்னிடம் இருப்பது 114 மி.மீ. கண்ணாடியும் 900 மி.மீ. குவிய தூரமும் கொண்ட சாதாரணத் தொலைநோக்கி. 25 மி.மீ. ஐபீஸ் போட்டால் 36 மடங்கு பெரிதாக்கும். அப்போது தெரியும் வானத்தின் அகலம் ஏறக்குறைய 1.4 டிகிரி. மூன்று முழுநிலாக்களை வரிசையாக வைத்தால் இடம் போதாது. அதன் வழியாக ஒரு கிரகத்தைத் தேடுவது, சாவித் துவாரத்தில் கண்ணை வைத்துத் திருவாரூர் தேர்க்கூட்டத்தில் தெரிந்த முகத்தைத் தேடுவதற்குச் சமம். ஃபைண்டர் தேவைப்படுவது இதற்காகத்தான்.

அதற்குள் இருப்பது ஒரு சிவப்பு எல்இடி, எதிரே சற்றே வளைந்த ஒரு கண்ணாடி. விளக்கின் ஒளி கண்ணாடியில் பட்டு இணைக்கதிர்களாகத் திரும்பி வருவதால், ஒரு சிவப்புப் புள்ளி வெகு தொலைவில் வானத்திலேயே ஒட்டியிருப்பது போலத் தெரியும். எதையும் பெரிதாக்காது. புள்ளி எதன்மேல் நிற்கிறதோ அதுவே ஐபீஸின் நடுவிலும் தெரிய வேண்டும், சரிசெய்வது என்பது அதுதான். அயர்லாந்துக்காரரான ஹோவர்ட் கிரப் 1900ஆம் ஆண்டில் துப்பாக்கிகளுக்காகக் காப்புரிமை பெற்ற யோசனை இது. அவரே தொலைநோக்கி செய்பவர் என்பது வேடிக்கை.

முதலில் பேட்டரி

புதிய ஃபைண்டரைக் கையில் கொடுத்ததும் என் அக்கா மகன் குமிழை இப்படியும் அப்படியும் திருகிவிட்டு, “மாமா, புள்ளியே தெரியவில்லையே” என்றான். பேட்டரி மூடியின் ஓரத்தில் நகம் அளவுக்கு ஒரு பிளாஸ்டிக் தாள் நீட்டிக்கொண்டிருந்தது. கடைக்கு வரும் வழியில் பேட்டரி தீராமல் இருக்கச் செருகி வைக்கும் தாள் அது. உருவியதும் விளக்கு எரிந்தது. பல ஃபைண்டர்களில் இருப்பது சிஆர்2032 என்ற 3 வோல்ட் பட்டன் பேட்டரிதான், கடிகாரக் கடையில் கிடைக்கும்.

எரிந்த பிறகும் அவனுக்குப் புள்ளி தெரியவில்லை, ஏனென்றால் கண்ணாடியோடு கண்ணை ஒட்டிவைத்துப் பார்த்தான். ஒரு சாண் பின்னால் தள்ளி, தலையை மெல்ல மேலும் கீழும் நகர்த்துங்கள். ஒரு இடத்தில் புள்ளி வந்து நிற்கும். இரண்டு கண்களும் திறந்திருக்க வேண்டும். ஒரு கண் புள்ளியைப் பார்க்கும், மற்றது வானத்தைப் பார்க்கும், மூளை இரண்டையும் சேர்த்துவிடும். ஒற்றைக் கண்ணை மூடும் பழக்கம் போக இரண்டு மூன்று நாட்கள் ஆகும்.

பகலில் கோபுரம்

சரிசெய்யும் வேலையைப் பகலில் செய்யுங்கள். இருட்டில் எந்தத் திருகு எங்கே என்று தெரியாது. மேலும் வானம் நிற்பதில்லை. மோட்டார் இல்லாத தொலைநோக்கியில், நடுவில் வைத்த நட்சத்திரம் மூன்று நிமிடத்துக்குள் ஓரம் தாண்டி ஓடிவிடும். கோபுரம் ஓடாது.

டெல்டாவில் பிறந்ததற்கு இந்த ஒரு விஷயத்தில் நன்றி சொல்லலாம். மேடு பள்ளம் இல்லாத வயல்வெளி. மாடியில் ஏறினால் நாலு திசையிலும் ஏதாவது ஒரு கோபுரக் கலசமோ செல்போன் டவரோ தெரியும். குறைந்தது அரை கிலோமீட்டர் தள்ளி இருப்பதாகப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். அது சூரியனுக்கு எதிர்த்திசையில் இருக்க வேண்டும்: காலையில் மேற்கே, மாலையில் கிழக்கே. தொலைநோக்கி வழியாகச் சூரியன் ஒரு நொடி கண்ணில் பட்டாலும் பார்வை போய்விடும். ஃபைண்டரில் பாதுகாப்பு வடிகட்டி எதுவும் கிடையாது. குழாயைத் திருப்பி முடிக்கும்வரை முன்மூடியைக் கழற்றாதீர்கள்.

“அரை கிலோமீட்டர் எதற்கு, கொல்லையில் இருக்கும் தென்னை போதாதா?” என்று நானும் நினைத்தேன். 20 மீட்டர் தள்ளியிருந்த தென்னையின் குருத்தில் குறிவைத்து அழகாகச் சரிசெய்தேன். இரவில் 25 மி.மீ. ஐபீஸில் வியாழன் ஒதுங்கி நின்றது, 10 மி.மீ. ஐபீஸுக்கு மாற்றியதும் ஆளையே காணோம். காரணம் எளிது. ஃபைண்டர் குழாயின் மையத்திலிருந்து 12 செ.மீ. மேலே இருக்கிறது. 20 மீட்டர் தொலைவுக்கு அந்த 12 செ.மீ. 0.34 டிகிரி பிழை. 10 மி.மீ. ஐபீஸில் மொத்த அகலமே 0.55 டிகிரிதான், மையத்திலிருந்து ஓரம்வரை 0.28. வியாழன் வேலிக்கு வெளியே நின்றுவிட்டது. கிலோமீட்டர் தொலைவில் அதே 12 செ.மீ. ஒன்றுமே இல்லை.

இனி வேலை. பெரிய எண் கொண்ட ஐபீஸை (என்னிடம் 25 மி.மீ.) போட்டு, ஃபைண்டரைப் பற்றிக் கவலைப்படாமல், கலசத்தை ஐபீஸின் நடுவுக்குக் கொண்டுவாருங்கள். கோபுரம் தலைகீழாகத் தெரியும். இந்த வகைத் தொலைநோக்கியின் இயல்பு அது. முக்காலியின் பூட்டுகளை இறுக்குங்கள். இப்போது குழாயைத் தொடாமல், ஃபைண்டரின் இரண்டு திருகுகளை மட்டும் திருகுங்கள். ஒன்று புள்ளியை மேலும் கீழும் நகர்த்தும், மற்றது பக்கவாட்டில். புள்ளி கலசத்தின் நுனியில் உட்கார்ந்ததும் மறுபடி ஐபீஸில் பாருங்கள். திருகும்போது குழாய் அசைந்திருக்கும், கண்டிப்பாக அசைந்திருக்கும். மீண்டும் நடுவுக்குக் கொண்டுவந்து மீண்டும் திருகுங்கள். பிறகு 10 மி.மீ. ஐபீஸ் போட்டு ஒருமுறை. கால் மணி நேர வேலை இது.

இரவில்

முதல் தவறு, புள்ளியைப் பகல் வெளிச்சத்துக்கு வைத்த அளவிலேயே விட்டுவிடுவது. அந்த வெளிச்சத்தில் நட்சத்திரம் மறைந்துபோகும். இருக்கிறதா இல்லையா என்று சந்தேகப்படும் அளவுக்குக் குறையுங்கள்.

தை, மாசி மாதங்களில் முன்னிரவில் தெற்கே தாழ்வாக ஜொலிக்கும் அகத்திய நட்சத்திரத்தில் தொடங்குங்கள். தஞ்சாவூரிலிருந்து பார்த்தால் அது தொடுவானத்துக்கு மேல் 26 டிகிரிக்குச் சற்றுக் கூடுதலாக ஏறுகிறது. கமண்டலத்திலிருந்து காவிரியை விட்டவர் பெயரில் இருக்கும் நட்சத்திரத்தை ஆற்றங்கரையில் நின்று பார்ப்பதில் எனக்கு ஒரு தனிச் சந்தோஷம்.

கண்ணுக்குச் சரியாகத் தெரியாதவற்றுக்குத்தான் புள்ளியின் அருமை தெரியும். வைகாசி பிறந்ததும் இரவு பத்து மணி வாக்கில் சித்திரை நட்சத்திரம் தெற்கே உச்சத்தில் நிற்கும். அங்கிருந்து நேர் கீழே, கையை நீட்டிப் பிடித்த முஷ்டியால் மூன்றரை முஷ்டி இறக்கிப் புள்ளியை நிறுத்துங்கள். பெரிய எண் ஐபீஸில் பார்த்துக்கொண்டே மெல்லத் துழாவினால் பஞ்சுருண்டை போல ஒன்று வரும்: ஒமேகா செண்டாரி, சுமார் 17,000 ஒளியாண்டுகளுக்கு அப்பால் உள்ள நட்சத்திரக் கொத்து. வட இந்தியாவில் இது தாழ்ந்துதான் தெரியும். நமக்கு 30 டிகிரிக்கு மேல் வருகிறது.

மார்கழிப் பனியில் ஃபைண்டர் கண்ணாடி பத்து நிமிடத்தில் மூடிக்கொள்ளும், புள்ளி மங்கலான சிவப்புத் திட்டாக மாறும். வேட்டி நுனியால் துடைக்காதீர்கள், கண்ணாடிப் பூச்சு கீறிவிடும். பார்க்காத நேரத்தில் ஒரு சிறிய பிளாஸ்டிக் டப்பாவைக் கவிழ்த்து வையுங்கள். அப்படியும் கண்ணாடியில் பனி மூடிவிட்டால் தலைமுடி உலர்த்தியின் இளஞ்சூடு போதும்.

முடித்ததும் குமிழை ‘டிக்’ சத்தம் கேட்கும்வரை திருகி அணையுங்கள். புள்ளியை மிகக் குறைவாக வைத்திருப்பதால் அணைந்துவிட்டது என்று நினைத்து மூடிவைத்து, மறுவாரம் செத்த பேட்டரியோடு நிற்பது எனக்கு இரண்டு முறை நடந்திருக்கிறது. இப்போது ஐபீஸ் பெட்டியிலேயே மாற்றுப் பேட்டரி ஒன்று கிடக்கிறது, உறையைப் பிரிக்காமல். வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் அந்தப் பெட்டியைப் பரண் மேல் வையுங்கள். பட்டன் பேட்டரியை விழுங்கினால் உயிருக்கே ஆபத்து.