நாள் முழுக்க ஆளில்லாத வீட்டில் முயல்

முயலின் குடல் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். 10–12 மணி நேரம் எதுவும் தின்னாமல், புழுக்கையும் போடாமல் இருந்தால் அது அவசரநிலை. மறுநாள்வரை காத்திருக்காமல் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். ஆகவே வேலைக்குக் கிளம்பும்முன் முதல் கவனம் புல்லுக்கு. முயலின் உடம்பளவுக்குக் குறையாத குவியலாக உலர்ந்த டிமோத்தி புல்லோ, சுத்தமான அருகம்புல்லோ வையுங்கள். குதிரைமசால் என்ற தீவனப் பயிர் வளர்ந்த முயலுக்கு வேண்டாம். கால்சியம் மிகுதியால் சிறுநீர்ப்பையில் கல் சேரலாம். பெல்லட் (கடையில் கிடைக்கும் குச்சித் தீவனம்) 2 கிலோ முயலுக்கு நாளுக்கு 50 கிராம் போதும், அதையும் இரண்டாகப் பிரித்துக் காலை, மாலை. கீரையை நீங்கள் வீட்டில் இருக்கும்போது மட்டும் கொடுங்கள். கிடந்து அழுகியதைத் தின்றால் வயிறு கெடும்.

தண்ணீர் பாட்டிலின் குழாய் முனையிலுள்ள சிறு குண்டு சில சமயம் அடைத்துக்கொள்ளும். கூடவே கனமான மண்சட்டியிலும் தண்ணீர் வையுங்கள்.

சென்னை, மதுரை வெயிலில் பெரிய ஆபத்து சூடுதான். முயலுக்கு வியர்க்காது, 30 டிகிரியைத் தாண்டினாலே திணறும். உறைய வைத்த தண்ணீர் பாட்டிலைத் துணியில் சுற்றிப் படுக்குமிடத்தில் வையுங்கள், தரையில் டைல் ஓடு ஒன்றைப் போடுங்கள். பால்கனியில் விட்டுப் போகவே கூடாது.

ஒயர்களைக் கடிக்க எட்டாதபடி மறைத்துவிடுங்கள். ஊருக்குப் போனால் தினம் இருமுறை ஒருவர் வந்து பார்க்கட்டும்: புல் குறைந்ததா, புழுக்கை வழக்கமான அளவில் கிடக்கிறதா என்று.