ஜிலேபிக்கான புழு உங்கள் பால்கனியிலேயே வளரும்

பெங்களூரில் தூண்டில் போடுகிறவர்களில் நிறைய பேர் கோதுமை மாவைப் பிசைந்து எடுத்துக்கொண்டுதான் கரைக்குப் போகிறார்கள். மாவு மோசமில்லை, ஆனால் பொடி ஜிலேபி மீன் (திலாப்பியா) நாலு கொத்து கொத்தினால் மாவு கரைந்துவிடும், வெறும் தூண்டில் முள்தான் மேலே வரும். மண்புழு முள்ளில் நிற்கும், நெளியவும் செய்யும். ஆனால் வாராவாரம் தோண்டியெடுக்க அல்சூரில் மண் எங்கே இருக்கிறது, சந்துபொந்தெல்லாம் சிமென்ட். அதனால் நான் வளர்க்க ஆரம்பித்தேன்.

ரசல் மார்க்கெட் மீன்கடைகளில் காலி தெர்மோகோல் பெட்டி ஒன்று கேட்டு வாங்குங்கள். உப்பு மண்புழுவுக்கு ஆகவே ஆகாது, அதனால் மூன்று நான்கு தண்ணீர் விட்டுக் கழுவிக் காயவையுங்கள். அடியில் பென்சில் பருமனில் பத்துத் துளை, மூடியிலும் சில துளை. உள்ளே ஊறவைத்த தென்னை நார்த்தூள், கிழித்த செய்தித்தாள், நன்றாக மக்கிய சாணம் மூன்றையும் கலந்து ஒரு சாண் உயரம் போடுங்கள். ஒரு கைப்பிடி எடுத்து அழுத்தினால் இரண்டு சொட்டு விழலாம், ஒழுகினால் ஈரம் அதிகம்.

மக்கிய சாணம் என்பதை அழுத்திச் சொல்கிறேன். முதல் தடவை பக்கத்துத் தெரு மாட்டுக் கொட்டகையிலிருந்து பச்சைச் சாணத்தை அள்ளிவந்து அப்படியே கொட்டினேன். ராத்திரியில் அது சூடேறி, புழுவெல்லாம் சுவரேறி வெளியே வந்து, காலையில் துணி காயப்போட வந்த அம்மா பார்த்தபோது பால்கனித் தரை முழுக்கக் காய்ந்த சேமியா மாதிரி கிடந்தன. அன்றைக்கு வீட்டில் யாரும் என்னோடு பேசவில்லை.

புழுவை மண்புழு உரம் தயாரிப்பவர்களிடம் வாங்கலாம், கன்னடத்தில் எரெஹுளு என்று கேளுங்கள். பெரும்பாலும் இரண்டு வகை கிடைக்கும். ஐசீனியா என்பது மெல்லிய சிவப்புப் புழு, முள்ளில் குத்தினால் நாற்றமடிக்கும் மஞ்சள் நீர் விடும். யூட்ரிலஸ் என்கிற ஆப்பிரிக்கப் புழு நீளம், தடிமன், ஒன்றை வெட்டினால் மூன்று தடவை கோர்க்கலாம். தூண்டிலுக்கு என் ஓட்டு இதற்குத்தான்.

உரம் போடுகிறவர்களுக்குப் புழு எண்ணிக்கை முக்கியம், நமக்கு உடம்பு முக்கியம். நெருக்கமாக விட்டால் நூல் மாதிரிதான் இருக்கும், அதனால் ஒரு பெட்டிக்கு நூறு புழு போதும், தீனியைக் குறைக்காதீர்கள். காய்கறித் தோல், வாழைப்பழத் தோல், சர்க்கரை போகக் கழுவிய டீத்தூள் எல்லாம் சரி. எலுமிச்சை, வெங்காயம், மிளகாய், மீந்த சாம்பார் மட்டும் வேண்டாம். கடுகைவிடக் கொஞ்சம் பெரிதாக மஞ்சள் முட்டைக்கூடுகள் கண்ணில் பட்டால் பெட்டி நன்றாக ஓடுகிறது என்று அர்த்தம். குஞ்சு பொரிந்து கோர்க்கிற அளவுக்கு வளர இரண்டு மாதத்துக்கு மேல் ஆகும், அதுவரை கையை அடக்குங்கள்.

வீட்டில் குப்பை மக்கவைக்கும் பானை வைத்திருந்தால் இன்னொரு இரை இலவசம். மூடியைத் திறந்ததும் குமட்டவைக்கிற அந்தத் தட்டைப் புழுக்கள் பி.எஸ்.எஃப். (பிளாக் சோல்ஜர் ஃப்ளை) என்கிற கறுப்பு ஈயின் புழுக்கள், அந்த ஈ நம் சாப்பாட்டில் உட்காராது. கறுத்துப்போய் மேலேறி வெளியே வருபவை கூட்டுப்புழுவாகப் போகிறவை, அவற்றை விட்டுவிட்டு வெளுப்பாக இருப்பவற்றை எடுங்கள். தோல் கெட்டி, சீக்கிரம் உதிராது.

முள் சின்னதாக இருக்கட்டும், பன்னிரண்டு அல்லது பதினான்காம் நம்பர், ஜிலேபிக்கு வாய் சிறிது. முழுப் புழுவைத் தொங்கவிட்டால் வாலை மட்டும் கொறித்துக்கொண்டு போகும். ஓர் அங்குலத் துண்டை எடுத்து, வெட்டிய முனையிலிருந்து காலுறை மாட்டுவதுபோல முள்ளின் வளைவு முழுக்க ஏற்றி, நுனியில் ஒரு நெல்மணி நீளம் மட்டும் ஆடவிடுங்கள். தக்கை துள்ளும்போது இழுக்காதீர்கள், அது மோந்து பார்க்கிறது. சாய்ந்து நகரத் தொடங்கியதும் மணிக்கட்டால் ஒரு சுண்டு சுண்டினால் போதும்.

எங்கே போடுவது என்பதுதான் இந்த ஊரில் தலைவலி. பல ஏரிகளில் மீன்பிடி உரிமை குத்தகைக்குப் போயிருக்கும், கேட்காமல் போட்டால் சண்டை வரும். பெல்லந்தூர் மாதிரி நுரை பொங்கிய ஏரி மீனைச் சாப்பிடவே வேண்டாம். ஊருக்கு வெளியே காசு வாங்கிக்கொண்டு அனுமதிக்கும் குட்டைகள் நிம்மதி. ஜிலேபி 1952இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட வெளிநாட்டு மீன், நம் கெண்டைகளோடு இரைக்கும் இடத்துக்கும் போட்டி போடுகிறது, அதனால் பொடியாக இருந்தாலும் நான் திரும்ப விடுவதில்லை, மஞ்சளும் மிளகாய்த்தூளும் தடவி வாணலிக்குத்தான் போகும்.

மிஞ்சிய புழுவைக் கரையில் கொட்டாதீர்கள், அதுவும் வெளிநாட்டுச் சரக்குதான். ஈரத்துணி சுற்றிய டப்பாவில் வீட்டுக்குக் கொண்டுவந்து பெட்டியிலேயே விட்டால் அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு ஆகும்.