பழைய நிலத்தோற்ற வரைபடத்தில் மரவெட்டு ரயில்பாதையைக் கண்டுபிடிப்பது எப்படி?

அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில், காஸ் என்ற மரஆலை ஊரிலிருந்து 1901-இல் மலையேறத் தொடங்கிய ரயில்பாதை, 1960-இல் மரம் சுமப்பதை நிறுத்தியது. 1963-இல் அது சுற்றுலா ரயிலாக மறுபிறவி எடுத்ததால், தாளில் படித்ததை நேரில் சரிபார்க்கலாம். பழகுவதற்கு இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.

அமெரிக்கப் புவியியல் ஆய்வுத்துறையின் டோப்போவியூ இணையதளத்தில் பழைய வரைபடத் தாள்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. பதிவிறக்கியதும் படத்தைப் பார்க்கும் முன் கீழ் ஓரத்தைப் படியுங்கள். தாளின் தலைப்பில் உள்ள ஆண்டு ஒன்றாகவும், வான்படம் எடுத்த ஆண்டும் களத்தில் சரிபார்த்த ஆண்டும் வேறாகவும் இருக்கும். பாதை எந்த ஆண்டில் இருந்தது என்பதற்குப் பின்னவையே சாட்சி. ஊதா நிறத்தில் இருப்பவை பிற்பாடு வான்படத்தை மட்டும் பார்த்துச் சேர்த்த திருத்தங்கள்.

குறுக்குக் கீற்றுகள் கொண்ட கருங்கோடுதான் ரயில்பாதை. அது சம உயரக் கோடுகளை, அதாவது ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் கோடுகளை, எப்படிக் கடக்கிறது என்று எண்ணுவதே முக்கியமான வேலை. 1:24,000 அளவுத் தாளில் ஓர் அங்குலம் என்பது தரையில் 2,000 அடி. அடுத்தடுத்த கோடுகளுக்கு இடையிலான உயர இடைவெளி 40 அடி என்று வைத்துக்கொண்டால், ஓர் அங்குலத்திற்குள் பாதை நான்கு இடைவெளிகள் ஏறினால் உயர்வு 160 அடி, அதாவது 8 சதவீதம். சாதாரண ரயில் எஞ்சினுக்கு 3 சதவீதமே மூச்சு வாங்கும் ஏற்றம். எல்லாச் சக்கரங்களையும் பல்சக்கரங்களால் சுழற்றும் ஷே போன்ற எஞ்சின்தான் அங்கே ஓடியிருக்கும் என்று தாளே சொல்லிவிடுகிறது. காஸ் பாதையின் கடும் ஏற்றம் 11 சதவீதத்தை எட்டுகிறது. பாதை இசட் எழுத்துப் போல மடிந்து, ஒவ்வொரு முனையிலும் ஒரு சிறு வால் நீண்டு நின்றால், அது ரயில் முன்னே போய் நின்று, பாதை மாற்றிப் பின்னோக்கி ஏறும் இடம்.

தண்டவாளம் பெயர்க்கப்பட்ட கிளைப்பாதைகளைப் பிடிப்பதுதான் சிரமம். அவை பெரும்பாலும் ஒற்றையடிப் பாதையாகவோ ஜீப் தடமாகவோ புள்ளிக்கோட்டில் ஒளிந்திருக்கும். மனிதர் நடந்து உண்டான தடம் சரிவில் நேராக ஏறும். ரயில் போட்ட தடமோ ஒவ்வொரு ஓடை மடிப்புக்குள்ளும் புகுந்து வெளிவந்து, ஏற்றம் மாறாமல் மலையைச் சுற்றும்.

கண்டுபிடித்த கோட்டை இன்றைய செயற்கைக்கோள் படத்தின்மேல் பொருத்தும்போது, பழைய தாள் 1927-ஆம் ஆண்டின் ஆதாரத் தளத்தில் (அட்சரேகை, தீர்க்கரேகைகளை அளக்க அடிப்படையாகக் கொள்ளும் முறையில்) வரையப்பட்டதா என்று பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள். இல்லையேல் பாதை சற்றே விலகி, பக்கத்துச் சரிவில் போய் உட்கார்ந்துவிடும்.