உங்கள் ஊர் மழையை நீங்களே அளக்கலாம்: கொங்கு மாணவர்களுக்கு ஒரு வானிலைச் செய்முறை

ஆனி, ஆடியில் வால்பாறையில் விடாமல் மழை பெய்துகொண்டிருக்கும். அதே நாளில் தாராபுரத்தில் காற்று மட்டும் புழுதியை வாரி இறைக்கும். இரண்டும் கொங்குநாடுதான். அதனால் டிவியில் "மேற்கு மாவட்டங்களில் மழை" என்று சொல்வதை வைத்து உங்கள் ஊரில் எவ்வளவு பெய்தது என்று தெரிந்துகொள்ள முடியாது. அளந்துதான் பார்க்க வேண்டும். அதற்கு ஒரு புனலும் ஒரு பாட்டிலும் போதும்.

அளக்கும் முன் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். இன்றைக்கு வெயில், நாளைக்குத் தூறல் என்பது வானிலை. ஒரு ஊரில் பல வருடங்களாக வழக்கமாக எப்படி இருக்கிறது என்பது காலநிலை. பல வருடம் என்றால் பொதுவாக 30 வருடம். இந்திய வானிலை ஆய்வுத் துறை இப்போது வெப்பநிலைக்கு 1991 முதல் 2020 வரையிலான சராசரியையும், மழைக்கு இன்னும் நீளமாக 1971 முதல் 2020 வரையிலான சராசரியையும் "இயல்பு" என்று வைத்துக்கொள்கிறது. தை மாதத்தில் ஒருநாள் மழை பெய்துவிட்டால் அது வானிலை. அதை வைத்துக் காலநிலையே மாறிவிட்டது என்று சொல்லக்கூடாது.

அடுத்து, மில்லிமீட்டர். பெய்த மழை ஓடாமல், மண்ணில் இறங்காமல், ஆவியாகாமல் அப்படியே தரையில் நின்றால் எவ்வளவு உயரம் நிற்கும்? அதுதான் மழை அளவு. ஒரு சதுர மீட்டர் இடத்தில் 1 மி.மீ. மழை என்றால் 1 லிட்டர் தண்ணீர். ஒரு ஏக்கர் ஏறத்தாழ 4,047 சதுர மீட்டர். 10 மி.மீ. பெய்தாலே ஒரு ஏக்கர் தோட்டத்தில் 40,000 லிட்டருக்கு மேல் விழுகிறது. 12,000 லிட்டர் டேங்கர் லாரியில் மூன்று லோடுக்கும் அதிகம். கோடையில் லாரித் தண்ணீர் வாங்கித் தென்னையைக் காப்பாற்றிய வீட்டுப் பிள்ளைகளுக்கு இந்தக் கணக்கு சட்டென்று புரியும்.

சரி, வேலைக்கு வருவோம்.

முதல் படி, புனல். வாயின் உள்விட்டம் 11.3 செ.மீ. உள்ளதாகக் கிடைத்தால் மிக நல்லது. அதன் பரப்பு ஏறத்தாழ 100 சதுர செ.மீ. வரும், அப்போது 1 மி.மீ. மழைக்கு 10 மில்லி தண்ணீர் சேரும். வேறு அளவுதான் கிடைத்தது என்றால் ஆரத்தை ஆரத்தால் பெருக்கி, 3.14-ஆல் பெருக்குங்கள். வரும் விடையைப் பத்தால் வகுத்தால், 1 மி.மீ. மழைக்கு எத்தனை மில்லி என்று கிடைத்துவிடும். 15 செ.மீ. புனலுக்கு அது ஏறத்தாழ 17.7 மில்லி.

புனலை 2 லிட்டர் பாட்டிலின் வாயில் இறுக்கமாக நிறுத்துங்கள். 11.3 செ.மீ. புனலோடு சேர்த்தால் இந்தப் பாட்டில் 200 மி.மீ. மழை வரை தாங்கும். வாய் குறுகலாக இருப்பதால் தண்ணீர் ஆவியாவதும் குறையும்.

இரண்டாம் படி, இடம். பலர் கோட்டை விடுவது இங்கேதான். தென்னை மரத்தடி, கூரை ஓரம், மொட்டை மாடி மூன்றும் வேண்டாம். மரமும் கூரையும் மழையைத் தடுக்கும், இல்லையென்றால் கூடுதலாகச் சொட்டும்; மாடியில் காற்று துளிகளைத் தள்ளிக்கொண்டு போய்விடும். பக்கத்துச் சுவரோ மரமோ எவ்வளவு உயரமோ, அதைப் போல் இரண்டு மடங்கு தூரம் தள்ளி வையுங்கள். புனலின் விளிம்பு தரையிலிருந்து 30 செ.மீ. உயரத்தில், சாய்வில்லாமல் இருக்கட்டும். தாழ்ந்தால் தரையில் பட்ட மழை உள்ளே தெறிக்கும். சுற்றிலும் நாலு செங்கல் வைத்தால் காற்றுக்குச் சாயாது.

மூன்றாம் படி, அளப்பது. தினமும் காலை 8.30 மணி. நாடு முழுக்க வானிலைத் துறை அளக்கும் நேரமும் அதுதான். மெடிக்கலில் ஊசியில்லாத 10 மில்லி சிரிஞ்ச் வாங்கிக்கொள்ளுங்கள். 11.3 செ.மீ. புனல் என்றால் ஒரு முழு சிரிஞ்ச் 1 மி.மீ., அரை சிரிஞ்ச் அரை மி.மீ. எண்ணி எழுதிவிட்டு பாட்டிலைக் காலி செய்யுங்கள். மழையே இல்லாத நாளிலும் 0 என்று எழுத வேண்டும். வெற்றுக் கட்டத்தைப் பிறகு பார்த்தால் மழை இல்லையா, நீங்கள் அளக்கவில்லையா என்று தெரியாது.

2.5 மி.மீ.யும் அதற்கு மேலும் பெய்தால்தான் அது "மழை நாள்" கணக்கில் வரும். 64.5 மி.மீ. தொட்டால் கனமழை. செய்தியில் "7 சென்டிமீட்டர்" என்றால் 70 மி.மீ.

நான்காம் படி, காற்று. ஒரு குச்சியில் ரிப்பனைக் கட்டி வெட்டவெளியில் நட்டு, காற்று எங்கிருந்து வருகிறது என்று அதே நோட்டில் எழுதுங்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை பெரும்பாலும் மேற்கிலிருந்து வரும். கேரளப் பக்கம் மலையேறும் ஈரக்காற்று மேலே குளிர்ந்து மழையாகக் கொட்டிவிடுகிறது. இந்தப் பக்கம் இறங்கும்போது சூடாகி உலர்ந்துபோகிறது. நம் சமவெளி மழை மறைவுப் பகுதியாக இருப்பதற்கு இதுவே காரணம். நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவில் பாலக்காட்டுக் கணவாய் திறந்திருப்பதால் காற்று அந்த வழியே வேகமாக உள்ளே வருகிறது. பல்லடம், உடுமலைப் பக்கம் வரிசையாகக் காற்றாலைகள் நிற்பது அதனால்தான்.

வெயில் அளவு வேண்டுமென்றால் வெப்பமானியை நிழலில், காற்றோட்டமான இடத்தில் தொங்கவிடுங்கள். வெயிலில் வைத்தால் கருவி சூடானதைத்தான் காட்டும்.

வருடம் முடிந்ததும் நான்காகப் பிரித்துக் கூட்டுங்கள்: ஜனவரி-பிப்ரவரி, மார்ச்-மே, ஜூன்-செப்டம்பர், அக்டோபர்-டிசம்பர். கோவை, திருப்பூர் சமவெளியில் வழக்கமாகக் கடைசிக் கட்டம்தான் பெரியதாக வரும். அது வடகிழக்குப் பருவமழை. வால்பாறையில் ஜூன்-செப்டம்பர்தான் பெரிது.

முடிந்தால் கோபியிலோ காங்கேயத்திலோ இருக்கும் நண்பரையும் அதே அளவுப் புனலோடு அளக்கச் சொல்லுங்கள். சித்திரை, வைகாசி இடிமழையில் இருவர் கணக்கும் ஒத்துப்போவது அரிது. அந்த மேகங்கள் சில கிலோமீட்டர் அகலம்தான். ஐப்பசியில் வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு உருவாகி வரும் மழையில், இரண்டு நோட்டிலும் ஒரே நாட்களில் மழை பதிவாக வாய்ப்பு அதிகம்.